ஆயிரத்து எண்ணூற்று நாற்பது கிராம்

பெற்றவர்கள் வைத்த பெயர் அவருடைய சம்பளத் தாளில் மட்டும்தான் இருந்தது. கார்த் தொழிற்சாலையில் வாசல் காவலாளி முதல் மேலதிகாரி வரை எல்லோருக்கும் அவர் கிராம் சார். முப்பத்தொரு வருஷமாக ஒரே காரை இளைக்க வைப்பதுதான் அவர் வேலை. அவர் வருவதைப் பார்த்தால் பேனா மூடியைக்கூட ஒளித்து வைக்க வேண்டும் என்று வடிவமைப்புப் பிரிவில் ஒரு கேலி உண்டு. அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். கேலி செய்தவர் வரைந்த கதவுக் கைப்பிடியில் மறுநாள் நாலு கிராம் குறைந்திருக்கும்.

அந்தத் தொழிற்சாலையில் மூன்று வகைக் கார்கள் செய்தார்கள். சின்னது ஒன்று, பெரியது ஒன்று, இரண்டுக்கும் நடுவில் ஒரு குடும்பக் கார். நடுவில் உள்ளதற்கு ஊழியர்கள் வைத்த பெயர் நடுப்பிள்ளை. சின்னதற்குச் செல்லம் அதிகம், பெரியதற்கு மரியாதை அதிகம், வீட்டைத் தூக்கி நிறுத்தியது என்னவோ நடுப்பிள்ளைதான். பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளைக் கொண்டு விட, ஆஸ்பத்திரிக்கு ஓட, வீடு மாறும்போது மெத்தையைக் கூரையில் கட்டிக்கொண்டு போக, எல்லாவற்றுக்கும் ஜனங்கள் அதைத்தான் வாங்கினார்கள்.

ஐந்து தலைமுறை கண்டது நடுப்பிள்ளை. முதல் தலைமுறை சோப்பு டப்பா மாதிரி இருந்தது. கண்ணாடியைச் சுற்றி ஏற்ற வேண்டும், நாலு கதவிலும் சாம்பல் கிண்ணம், பின்னால் மூன்று பேர் உட்கார்ந்தால் வால் தரையைத் தொடும். இரண்டாவதில் மூலைகள் உருண்டன, பெட்ரோல் குடிப்பது குறைந்தது, உடம்பு ஒட்டிக்கொண்டது. மூன்றாவதில் காற்றுப் பைகள் வந்து மறுபடியும் சதை போட்டது. நாலாவதில் திரை வந்தது. திரை வந்த நாளிலிருந்து பின் சீட்டுப் பிள்ளைகள் ஜன்னலைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள். ஐந்தாவதில் நீளம் அரை அடி கூடியது. வீட்டுக்கு ஒரு பிள்ளை என்று ஆன பிறகு இந்தப் பின் சீட்டை எதற்காக இப்படி நீட்டுகிறோம் என்று கிராம் சார் ஒரு கூட்டத்தில் கேட்டார். இப்போது ஜனங்களுக்கு ஏணி வைத்து ஏறுகிற மாதிரி உயரமான வண்டிதான் வேண்டுமாம். நடுப்பிள்ளையை நிறுத்திவிடுவது என்று முடிவாகிவிட்டது.

கடைசி வண்டி சனிக்கிழமை வெளியே வரும். அன்று ஊழியர்கள் குடும்பத்தோடு வரலாம், ஐந்து தலைமுறைக் கார்களையும் பெரிய கூடத்தில் வரிசையாக நிறுத்துவார்கள், அதே மாதம் ஓய்வு பெறும் கிராம் சார் நாலு வார்த்தை பேசுவார் என்று அறிவிப்பு வந்தது. அதை அவர் வீட்டில் சும்மா சொல்லி வைத்தார். மனைவி வரமாட்டார் என்ற தைரியம்தான். ஆரம்பப் பள்ளி டீச்சரான அவர் பதினாலு வருஷமாக அந்தத் தொழிற்சாலைப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. காரிலேயே ஏறியதில்லை. எங்கே போவதாக இருந்தாலும் பஸ்தான்.

டீச்சர் திருத்திக்கொண்டிருந்த நோட்டை மூடிவிட்டு, "கடைசி கார்தானே, வரேன்" என்றார்.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம் என்று கிராம் சார் தன்னையே நொந்துகொண்டார்.

ஏன் நொந்துகொண்டார் என்று சொல்வதற்கு அவர்கள் வீட்டுக்குள் போக வேண்டும். பிள்ளைகள் அறையின் கதவு லேசான காற்றுக்கே தானாகச் சாத்திக்கொள்ளும். அது சாத்தாமல் இருக்க ஒரு எஃகுக் கட்டி வைத்திருந்தார்கள். உருளையாகக் கடைந்து பளபளவென்று தேய்த்த கட்டி. அதன் தலையில் 1840 என்று பொறித்திருக்கும். தினமும் பெருக்கும்போது டீச்சர் அதைக் குனிந்து நகர்த்துவார், பெருக்கி முடித்துத் திரும்ப வைப்பார். இப்படிப் பதினேழு வருஷம்.

அது ஒரு பரிசு. புது மாடல் உருவாகும்போது புதன்கிழமைதோறும் எடைக் கூட்டம் நடக்கும். மாதிரி வண்டியை நாலு சக்கரத்துக்கும் நாலு தராசு வைத்து நிறுத்திவிட்டு, ஒவ்வொரு பிரிவின் தலைவரும் நோயாளியைச் சுற்றி நிற்கும் உறவுக்காரர்கள் போல நிற்பார்கள். எந்தப் பிரிவு எத்தனை கிராம் விட்டுக்கொடுக்கும் என்று பேரம் நடக்கும். அந்த மாடலில் ஒரே யோசனையில் அதிக எடையைக் குறைத்தவருக்கு, அதே எடைக்கு ஓர் எஃகுக் கட்டியைப் பட்டறையில் கடைந்து, எண்ணைப் பொறித்துக் கொடுப்பது அங்கே வழக்கம். பணமுடிப்பு கொடுத்திருந்தால் செலவாகித் தொலைந்திருக்கும்.

இரண்டாம் தலைமுறையின் கடைசி எடைக் கூட்டத்தில் வண்டி இன்னும் இரண்டு கிலோ கூடுதலாக இருந்தது. யாரும் மசியவில்லை. அப்போதுதான் கிராம் சார் பின் சீட்டின் நடு பெல்ட்டைப் பற்றிப் பேசினார். ஓரத்தில் உட்காருகிற இருவருக்கும் தோளிலிருந்து வரும் பெல்ட் இருக்கட்டும். நடுவில் இருப்பவருக்கு இடுப்பில் மட்டும் கட்டும் பெல்ட் போதும், சட்டமும் அவ்வளவுதான் கேட்கிறது. தோள் பெல்ட்டை எடுத்தால் அதன் சுருள், அதைத் தாங்கும் தகடு, திருகாணிகள் எல்லாம் சேர்ந்து ஆயிரத்து எண்ணூற்று நாற்பது கிராம் போய்விடும். சீட்டுப் பிரிவுக்காரர் ஒருவர் தயங்கி, நடுவில் யாராவது உட்கார்ந்தால் என்ன செய்வது என்று கேட்டார்.

"நடுவுல யார் சார் உக்கார்றா? எங்க வீட்ல பைதான் உக்காருது" என்றார் கிராம் சார்.

எல்லோரும் சிரித்தார்கள். சீட்டுப் பிரிவுக்காரரும் சிரித்துவிட்டார்.

கட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று பெரியவனுக்கு ஏழு வயசு, குட்டிக்கு மூன்று. குட்டி அதை இரண்டு கையாலும் தூக்கப் பார்த்து, முடியாமல், அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். இது என்ன நம்பர் என்று டீச்சர் கேட்டார். இந்த மாடலில் தான் குறைத்த எடை என்றார் அவர். எதில் குறைத்தது என்று டீச்சரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அன்றைக்கு அதில் மறைக்க ஒன்றும் இருக்கவில்லை.

அந்தக் குட்டி இருக்கிறாளே, அவள் நாள் நிறையாமல் பிறந்தவள். ஆயிரத்து அறுநூறு கிராம். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, இரண்டு கிலோ ஆனால் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போங்கள் என்றார் டாக்டர். தொழிற்சாலையில் பகலெல்லாம் கிராமைக் குறைத்த மனுஷன், சாயங்காலமானால் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு, இன்றைக்கு எத்தனை கிராம் கூடியது என்று நர்ஸைப் பிடுங்கி எடுப்பார். பத்து கிராம் என்றால் முகம் மலரும். இறங்கிவிட்டது என்றால் அன்று சோறு இறங்காது. ஒருவழியாக இரண்டு கிலோ ஆனதும் முதல் தலைமுறை நடுப்பிள்ளையில்தான் அவளைக் கொண்டுவந்தார்கள். குண்டு குழியெல்லாம் பார்த்துப் பார்த்து, மாட்டுவண்டி வேகத்தில் ஓட்டினார். பின்னால் வந்தவர்களெல்லாம் ஹார்ன் அடித்துத் திட்டினார்கள்.

இரண்டாம் தலைமுறை விற்பனைக்கு வந்ததும் முதல் வாரத்திலேயே ஒன்று வாங்கினார். இரண்டு வருஷம் நன்றாகத்தான் ஓடியது. குட்டிக்கு ஆறு வயசு. ஒரு விடுமுறை நாள் மத்தியானம், உறவுக்காரர் வீட்டிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள். கிராம் சார்தான் ஓட்டினார். முன் சீட்டில் மச்சான், கால் நீளமானவர், பின்னால் உட்கார முடியாது. பின்னால் டீச்சரும் பிள்ளைகளும். ஜன்னல் ஓரத்துக்காக இரண்டு பேருக்கும் சண்டை. "நீ நடுவுல வா குட்டி, அம்மா பக்கத்துல. ரோடு நல்லாத் தெரியும்" என்று டீச்சர்தான் அவளை நகர்த்தி உட்கார வைத்தார். பெல்ட்டையும் அவரே மாட்டினார். பத்து நிமிஷம் கழித்து எதிரில் வந்த லாரி ஒன்று தடம் மாறி உள்ளே வந்தது.

நாலு பேர் தோளில் குறுக்காக ஒரு நீலத் தழும்போடு இறங்கினார்கள். குட்டி இறங்கவில்லை. இடுப்பு பெல்ட் அவள் இடுப்பை மட்டும்தான் பிடித்திருந்தது.

அன்றிலிருந்து டீச்சருக்கு வாயில் ஒரே வார்த்தை. "நான்தான் அவளை நடுவுல உக்கார வச்சேன்." டாக்டரிடம் சொன்னார், துக்கம் கேட்க வந்தவர்களிடம் சொன்னார், பாத்திரம் கழுவும்போது சுவரிடம் சொன்னார். சில நாள் பெல்ட்டைச் சரியாக மாட்டவில்லையோ என்று சந்தேகம் வந்து, வெறுங்கையால் காற்றில் மாட்டிப் பார்ப்பார். ஒவ்வொரு தடவையும் கிராம் சார் பக்கத்தில் உட்கார்ந்து, "உன் மேல தப்பு இல்ல" என்பார். அதற்கு அடுத்த வாக்கியம் ஒன்று இருந்தது. சொல்ல வாயைத் திறப்பார், தண்ணீர் குடித்துவிட்டு எழுந்து போய்விடுவார். முதல் மாதம் சொல்லியிருக்கலாம். முதல் வருஷம்கூடச் சொல்லியிருக்கலாம். நாள் போகப் போக, செய்ததைவிடச் சொல்லாமல் இருந்தது பெரிதாகிவிட்டது. கோழை என்று திட்டினால் திட்டிக்கொள்ளுங்கள், அவரே தன்னை அப்படித்தான் திட்டிக்கொண்டார்.

மூன்றாம் தலைமுறையின் முதல் எடைக் கூட்டத்தில், நடு சீட்டுக்குத் தோள் பெல்ட் வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினார். யாரும் பேரம் பேசவில்லை. அன்று சிரித்தவர்கள் எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அவர் எடையைக் கூட்டியது அந்த ஒரு தடவைதான்.

இப்போது டீச்சர் வருகிறேன் என்கிறார். வியாழக்கிழமையே கிராம் சார் கூடத்துக்கு ஓடினார். ஒவ்வொரு காருக்கும் முன்னால் ஓர் அறிவிப்புப் பலகை வைத்திருந்தார்கள். விளம்பரப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி பழைய கோப்புகளையெல்லாம் தோண்டி எழுதியிருந்தாள். பாவம், உழைப்பாளி. மூன்றாம் பலகையில் நாலாவது வரி: பின் சீட்டின் நடுவில் அமர்பவருக்கும் தோள் பெல்ட். எடைக் குறைப்புக்காக இரண்டாம் தலைமுறையில் கைவிடப்பட்டது மீண்டும் வந்தது. கூடிய எடை 1840 கிராம்.

அந்த வரி வேண்டாம் என்று அவளிடம் கேட்டுக்கொண்டார். ஏன் என்றாள். சும்மாதான், அதெல்லாம் பெரிய விஷயமில்லை என்றார். அவள் சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். தன்னடக்கம் என்று நினைத்துவிட்டாள். சனிக்கிழமை போய்ப் பார்த்தால் அதே வரி இரண்டு மடங்கு பெரிய எழுத்தில், 'கிராம் சாரின் விடாமுயற்சியால்' என்ற வால் வேறு சேர்ந்து நின்றது.

கூடம் நிறையக் கூட்டம். டீச்சர் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு முதல் காரிலிருந்து ஆரம்பித்தார். பலகையை வரி விடாமல் படித்தார். அதுதான் அவர் பழக்கம், மருந்துச் சீட்டைக்கூடக் கடைசி வரை படிப்பவர். முதல் காரின் கண்ணாடியைச் சுற்றி ஏற்றும் கைப்பிடியைத் தொட்டுப் பார்த்து லேசாகச் சிரித்தார். "குட்டிய இதுலதானே கூட்டிட்டு வந்தோம்" என்றார். அந்தச் சிரிப்பைப் பார்த்தபோது கிராம் சாருக்கு ஓடிப்போய் மூன்றாம் பலகையைப் பிடுங்கி எறிந்துவிடலாம் போல இருந்தது.

இரண்டாவது காரின் பின் கதவு மேல் டீச்சர் கையை வைத்தார். திறக்கவில்லை.

கிராம் சார் அவசர அவசரமாக அவர் முழங்கையைத் தொட்டு, அந்தப் பக்கம் டீ கொடுக்கிறார்கள், ஆறிவிடும், குடித்துவிட்டு வரலாம் என்றார். "இருங்க, இதையும் படிச்சிட்டு வரேன்" என்று டீச்சர் மூன்றாவது பலகைக்குப் போனார்.

படித்தார். நாலாவது வரிக்கு வந்ததும் நின்றார். திரும்ப மேலேயிருந்து படித்தார். எண்ணுக்கு வரும்போது, முதல் வகுப்புப் பிள்ளைகள் படிப்பது போல உதடு அசைந்தது. பதினேழு வருஷமாகத் தினமும் குனிந்து பார்த்த எண். அவர் கணவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. காரின் பின் கதவைத் திறந்து உள்ளே நகர்ந்து நடுவில் உட்கார்ந்தார். பின்னாலிருந்து பெல்ட்டை இழுத்து, தோள் மேலாகக் கொண்டுவந்து மாட்டினார். கழற்றினார். மறுபடியும் மாட்டினார்.

அந்த நேரம் பார்த்து மேடையில் கிராம் சாரைக் கூப்பிட்டார்கள். கைதட்டல் வேறு. ஏறினார். அங்கிருந்து நேர் எதிரே மூன்றாவது காரின் முன் கண்ணாடி வழியாக டீச்சர் தெரிந்தார், நடுவில், நேராக உட்கார்ந்து, குறுக்கே பெல்ட்டோடு. விளம்பரப் பெண் ஜன்னல் வழியாகக் குனிந்து அவரை ஒரு படம் எடுத்துக்கொண்டாள். கிராம் சார் எழுதி வைத்திருந்த தாளை எடுத்தார். எல்லோருக்கும் நன்றி என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிட்டார். பேச்சே வராமல் உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று எல்லோரும் இன்னும் பலமாகக் கைதட்டினார்கள்.

பஸ்ஸில் இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்து இருக்கை. டீச்சர் கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடினார். ஏதாவது கேட்டுவிட்டால் தேவலை என்று கிராம் சாருக்கு இருந்தது. வீட்டு நிறுத்தம் வந்ததும் டீச்சர் முதலில் இறங்கி நடந்தார்.

வீட்டில் இன்னும் வெயில் இருந்தது. டீச்சர் செருப்பைக்கூடக் கழற்றாமல் பிள்ளைகள் அறைக்குப் போனார். பெரியவன் வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன பிறகு அந்த அறையில் யாரும் படுப்பதில்லை. குட்டி வரைந்த படங்கள் மட்டும் சுவரில் அப்படியே இருந்தன. டீச்சர் குனிந்து கதவோரத்திலிருந்த கட்டியை எடுத்தார். காலால் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இதுதானே அது?"

"ஆமா."

"யாரு எடுக்கச் சொன்னா?"

இந்தக் கேள்விக்கு அவரிடம் பதினாலு வருஷமாகப் பல பதில்கள் தயாராக இருந்தன. சட்டம் அப்படி, கூட்டத்தில் முடிவானது, எல்லோரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டோம் என்று.

"நான்தான்" என்றார்.

டீச்சர் தலையை ஆட்டினார். அழவில்லை. பாடம் ஒப்பிக்கும் பிள்ளையைப் பார்ப்பது போல நிதானமாக அவரைப் பார்த்தார்.

"உன் மேல தப்பு இல்லன்னு எத்தன தடவ சொல்லியிருப்பீங்க. எனக்கு ஆறுதல் சொல்றீங்கன்னு நெனச்சேன். மனுஷனுக்கு எவ்வளவு பொறுமைன்னு உங்கள நெனச்சு அழுதிருக்கேன். நீங்க தெரிஞ்சேதான் சொல்லியிருக்கீங்க."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பதினாலு வருஷம் தொண்டையில் கிடந்த அந்த அடுத்த வாக்கியம் இப்போது யாருக்கும் தேவையில்லாமல் போய்விட்டது.

டீச்சர் கட்டியைக் கையில் ஏந்திப் பார்த்தார். பிறகு கை தானாகவே மடங்கி, அதை முழங்கை மடிப்பில் சாய்த்து வைத்துக்கொண்டது. அப்படித்தான் தூக்க வேண்டும் என்று அந்தக் கைக்குத் தெரியும்.

"ஆயிரத்து அறுநூறுல பொறந்தா. ரெண்டு கிலோ ஆனப்புறம்தான் குடுத்தாங்க. நடுவுல ஏதோ ஒரு நாள் அவ சரியா இவ்வளவுதான் இருந்திருப்பா" என்றார். "அன்னிக்கு நீங்க நர்ஸ்கிட்ட என்ன சொன்னீங்க தெரியுமா? ஒவ்வொரு நாளும் அதையேதான் சொல்லுவீங்க. இன்னும் கொஞ்சம் கூடட்டும், இன்னும் கொஞ்சம் கூடட்டும்னு."

கட்டியோடு அறைக்குள் போனார். காலை எடுத்ததும் கதவு மெதுவாக, தன் பழக்கப்படி, தானாகச் சாத்திக்கொண்டது.

அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. விரலால் தொட்டால் திறக்கும். கிராம் சார் அதன் முன்னால் நின்றார். உள்ளே டீச்சர் அழ ஆரம்பித்தது கேட்டது. நான்தான் அவளை நடுவில் உட்கார வைத்தேன் என்று அவர் சொல்லவில்லை. பதினாலு வருஷத்தில் முதல் தடவையாக அந்த வார்த்தை இல்லாமல் அழுதார். கிராம் சார் கதவை நோக்கிக் கையைக் கொண்டுபோனார், தொடாமலேயே இறக்கிவிட்டார்.